ஒன்பது பேர் கம்பெனியும் பார்சிலோனா பயணமும்
(நமது மும்பை நிருபர்)

மும்பைத் தமிழர் வீடுகளில் சில ஆண்டுகளாக ஒரு புது மாதிரி உத்தியோகம் புகுந்திருக்கிறது. டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எட்டு மணி லோக்கலுக்கு ஓட வேண்டியதில்லை. வீட்டு மூலையில் ஒரு கம்ப்யூட்டர், காதில் ஒரு மாட்டல். கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் ஆபீஸ் நடக்கிறது என்று அர்த்தம். பெற்றோருக்கு இது வேலையா, விளையாட்டா என்றே நெடுநாள் சந்தேகம். சம்பளம் முதல் தேதி பாங்கில் விழுவதைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள்.

இப்படி நடக்கிற கம்பெனிகளில் கூட வேலை செய்பவரின் முகத்தைத் திரையில் பார்ப்பதோடு சரி. ஒருவர் செம்பூரில் இருப்பார், இன்னொருவர் அம்பாசமுத்திரத்துப் பக்கம் இருப்பார். அப்படிப்பட்ட ஒரு குழு வருடாந்தரத் தொழில் மாநாடு ஒன்றுக்கு, அதுவும் கடல் கடந்து, போக வேண்டுமானால் என்னென்ன பாடு படவேண்டும்? நானறிந்த ஒரு சிறு கம்பெனி 2025-ல் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நம் வாசகர்களில் பலருடைய பிள்ளைகளுக்கு இன்றோ நாளையோ இதே வேளை வரக்கூடும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

கோபுரமும் பாட்டரியும்

கம்பெனியில் மொத்தம் ஒன்பது பேர். முதலாளி செம்பூர்வாசி, பூர்விகம் திருநெல்வேலி. எல்லோருக்கும் அவர் 'அண்ணாச்சி'. தாராவி 90 அடி ரோட்டுக்கு உள்ளே ஒரு பையன். முலுண்டில் கணக்குப் பார்க்கும் பெண்மணி. புனேயில் ஒருவர், பெங்களூரில் இருவர், கோவையில் ஒருவர், புவனேசுவரத்தில் ஓர் ஒடியாக்காரர், அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண். ஆபீஸ் என்று தனியாகக் கட்டடம் கிடையாது. அண்ணாச்சி வீட்டு முன்னறையில் ஒரு பெயர்ப் பலகை உண்டு, அவ்வளவுதான்.

தொழில் என்ன? ஊரெங்கும் நிற்கிற செல்போன் கோபுரங்களின் அடியில் பாட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் இருக்கும். கரண்ட் போனால் பாட்டரி, அதுவும் தீர்ந்தால் டீசல். எந்தக் கோபுரத்தில் பாட்டரி தளர்கிறது, எங்கே டீசல் அளவு திடீரென்று இறங்குகிறது என்பதைத் தூரத்திலிருந்தே கண்காணிக்கும் மென்பொருளும், அதற்கான சிறு பெட்டியும் செய்கிறார்கள். டீசல் திருட்டு இந்தத் தொழிலில் பழைய வியாதி. சொல்லவே வேண்டாம்.

செல்போன் தொழிலில் உலகத்திலேயே பெரிய கூட்டம் 'மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ்'. ஜி.எஸ்.எம்.ஏ. என்ற தொழில் சங்கம் நடத்துகிறது. முன்பு பிரான்சில் கான் நகரில் நடந்தது. 2006 முதல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் நடக்கிறது. மாநாடு என்று பெயரே தவிர, பாதி திருவிழா, பாதி சந்தை. 2025 மார்ச் 3 முதல் 6 வரை நடந்த கூட்டத்துக்கு 1 லட்சத்து 9 ஆயிரம் பேர் வந்ததாக நடத்தியவர்களே கணக்குக் கொடுத்தார்கள். கோபுரம் நடத்துகிறவர்கள், பாட்டரி செய்கிறவர்கள், ஆப்பிரிக்காக்காரர்கள், அராபியர்கள் எல்லோரையும் நான்கு நாளில் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். தனித்தனியாகத் தேடிப் போவதென்றால் வருடம் போதாது.

கம்பெனிக்கு அப்போது நிலைமை அவ்வளவு சரியில்லை. இரண்டு வாடிக்கையாளர்களை நம்பியே வண்டி ஓடியது. அதில் ஒருவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பாரா என்பது சந்தேகம். புது ஆள் பிடிக்காவிட்டால் ஒன்பதில் மூன்று பேரை அனுப்பிவிட வேண்டியதுதான் என்று அண்ணாச்சி என்னிடமே சொன்னார். ஆகவே இது உல்லாசப் பயணமல்ல.

யார் போவது?

2024 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரும் திரையில் கூடினார்கள். கையில் ஒதுக்கிய பணம் ஐந்து பேருக்கு வரும். ஆறாவது ஆளுக்கு வராது.

இந்த இடத்தில்தான் பல கம்பெனிகள் சறுக்குகின்றன என்பது என் அபிப்பிராயம். முதலாளி, முதலாளியின் மைத்துனர், விற்பனை மானேஜர் என்று மேலிருந்து எண்ணிக்கொண்டு வருவார்கள். வேலை தெரிந்தவன் ஊரில் இருப்பான். அங்கே ஸ்டாலில் நிற்பவரிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டால், "கேட்டுச் சொல்கிறேன்" என்று விசிட்டிங் கார்டு நீட்டுவார்.

அண்ணாச்சி வேறு வழியில் எண்ணினார். அங்கே கேட்கக்கூடிய கேள்விகளைத் தாளில் எழுதச் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் நம்மில் யார் பதில் சொல்ல முடியும் என்று பெயர் போட்டார். அதிகத் தடவை வந்த பெயர் அம்பாசமுத்திரத்துப் பெண்ணுடையது. அவர் பட்டப்படிப்புகூட முடிக்கவில்லை. டிப்ளமோதான். நான்கு வருடமாக இரவு நேர எச்சரிக்கைகளைப் பார்ப்பவர். கோடு ஏறி இறங்குவதைப் பார்த்தே, "இந்தப் பாட்டரி பத்து நாள் தாங்காது", "இது கசிவு இல்லை, ஆள் உறிஞ்சுகிறான்" என்று சொல்லிவிடுவாராம்.

"அண்ணாச்சி, நான் அங்கன போயி என்ன பேச? எனக்கு இங்கிலீஷு தட்டித் தடவித்தான் வரும்" என்று அவர் மறுத்தார்.

"ஸ்பெயின்காரனுக்கும் அப்படித்தாம்மா வரும். நீ வா" என்றார் அண்ணாச்சி.

முடிவில் ஐந்து பெயர்கள்: அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்துப் பெண், திரையில் தெரியும் படங்களையெல்லாம் எழுதிய தாராவிப் பையன், பெட்டி செய்யும் கோவைக்காரர், பெங்களூரில் ஒருவர். மற்ற நால்வரின் முகம் வாடியது திரையிலேயே தெரிந்ததாம். அதற்கும் அண்ணாச்சி ஒரு வழி வைத்திருந்தார். அது பின்னால் வரும்.

பெயரில் வந்த வினை

வெளிநாட்டுப் பயணத்தில் தமிழனுக்கு முதல் எதிரி அவனுடைய இன்ஷியல். வடக்கத்தியாருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு. நமக்கு உண்டா? பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் சு. முருகன் என்று இருக்கும். ஆதாரில் முருகன் சுப்பையா. பாங்கில் முருகன் எஸ். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். விமான டிக்கெட் போடும் கம்ப்யூட்டரோ இரண்டு கட்டத்தையும் நிரப்பினால்தான் நகரும்.

காலிக் கட்டத்தால் வழியிலும் தொல்லை வரலாம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, பார்வையாளர் விசாக்களில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 நவம்பரில் அறிவித்தது. துபாய் பக்கம் போய் வரும் நம் ஆட்கள் பலர் அப்போது திண்டாடினார்கள். அடுத்த பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள் என்றாலும், பயம் பயம்தான்.

அம்பாசமுத்திரத்துப் பெண்ணிடம் பாஸ்போர்ட்டே இல்லை. சர்டிபிகேட்டில் தகப்பனார் இன்ஷியல், ஆதாரில் கணவர் பெயர். இரண்டையும் ஒன்றாக்கி, திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் கொடுத்து, போலீஸ் விசாரணை முடிந்து, புத்தகம் கைக்கு வர டிசம்பர் ஆகிவிட்டது. கோவைக்காரர் காலிக் கட்டத்தை நிரப்பிப் புதுப் பாஸ்போர்ட் எடுத்தார். மாநாட்டுக்குப் பெயர் பதிவதும், டிக்கெட்டும், ஓட்டலும், இன்ஷூரன்ஸும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்க வேண்டும் என்று முலுண்டுப் பெண்மணி ஐந்து பெயரையும் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினார். அந்தத் தாளைப் பார்க்காமல் யாரும் எந்தப் படிவமும் நிரப்பக்கூடாது என்று உத்தரவு. எங்கள் ரிசர்வேஷன் கவுண்டரில் தினமும் பெயர் திருத்தம் கேட்டு வருகிற கூட்டத்தைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு தாள் லட்ச ரூபாய் பெறும்.

விசா என்னும் கண்டம்

ஸ்பெயினுக்குப் போக ஷெங்கன் விசா வேண்டும். ஐரோப்பாவில் 29 நாடுகளுக்கு ஒரே விசா. ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே கேட்கலாம். பதினைந்து நாளுக்குக் குறையக்கூடாது. பதில் வழக்கமாகப் பதினைந்து நாளில் வரும் என்று விதி. துருவிப் பார்க்க நினைத்தால் 45 நாள் வரை இழுக்கவும் அதே விதி இடம் கொடுக்கிறது. பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டால் கட்டணம் திரும்பாது. பாஸ்போர்ட் திரும்பும் நாளுக்கு மேல் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது வெற்றாக இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம்.

சிதறிக் கிடக்கும் குழுவுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. ஒரே ஆபீஸ் ஆட்களானால் ஐந்து பேரும் ஒரே நாளில் வரிசையில் நின்று முடித்துவிடலாம். இங்கே அவரவர் வசிக்கும் இடத்துக்குரிய மையத்துக்கு அவரவர் போக வேண்டும். முதல் தடவையானால் விரல் ரேகை கொடுக்க நேரில் போயே ஆக வேண்டும். ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதத்துக்குச் செல்லும். மும்பையில் இருவர், பெங்களூரில் ஒருவர், சென்னையில் இருவர் என்று ஐந்து பேரும் மூன்று ஊரில் விண்ணப்பித்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சம்பளம் கொடுக்கிற கம்பெனியின் விலாசம் செம்பூர், வேலைக்காரியின் விலாசம் அம்பாசமுத்திரம். படிக்கிற அதிகாரிக்கு இது விசித்திரமாகத் தோன்றாதா? ஆகையால் கம்பெனிக் கடிதத்தில், "இவர் நான்கு ஆண்டுகளாக எங்களிடம் நிரந்தர ஊழியர், வீட்டிலிருந்தே பணி செய்கிறார், மாநாடு முடிந்து இன்ன தேதியில் வேலைக்குத் திரும்ப வேண்டும், செலவு முழுவதும் எங்களுடையது" என்று பச்சையாக எழுதினார்கள். சம்பளச் சீட்டு, பாங்க் கணக்கு, வருமான வரித் தாள், மாநாட்டில் பணம் கட்டிப் பெயர் பதிந்த சான்று எல்லாம் வரிசைப்படி அடுக்கினார்கள்.

மும்பைக்காரர்கள் 2025 ஜனவரி 20-ல் கொடுத்தார்கள். அம்பாசமுத்திரத்துப் பெண்ணுக்குச் சென்னையில் நாள் கிடைத்தது 29-ல்தான். நான்கு வயதுக் குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, எழும்பூரில் இறங்கிக் குளித்து, மையத்துக்குப் போய் ரேகை வைத்துவிட்டு, அன்றிரவே அதே வண்டியில் திரும்பினார். அந்த இரண்டு இரவும் மடியில் கம்ப்யூட்டரோடு எச்சரிக்கைகளைப் பார்த்துக்கொண்டே போனாராம். லீவு போட்டிருக்கலாமே என்று கேட்டதற்கு, "என் இடத்துக்கு ரிலீவர் யாரு இருக்கா?" என்றார். ரயில்வேக்காரனாகிய எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

பிப்ரவரி 12

தாராவிப் பையனுக்கு விசா மறுக்கப்பட்டது.

காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ஷெங்கன் விதி. அச்சடித்த தாளில் காரணங்கள் வரிசையாக இருக்கும், பொருந்துவதில் குறி போட்டிருப்பார்கள். விசாக் காலம் முடிவதற்குள் நாடு திரும்பும் எண்ணம் குறித்து நியாயமான சந்தேகம் உண்டு என்ற வரியில் குறி விழுந்திருந்தது. வயது 24, கல்யாணமாகவில்லை, சொந்த வீடில்லை, பாங்கில் பெரிய தொகை இல்லை, இதற்குமுன் வெளிநாடு போனதில்லை. தகப்பனார் தோல் பை தைக்கும் பட்டறையில் முப்பது வருடமாக வேலை செய்பவர். அந்தத் தாளை அவர் என்னிடம் காட்டி, "எம் பையன் ஓடிப் போயிருவான்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். அப்படியில்லை, இது எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்த வாசகம் என்று விளக்கினேன். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மேல்முறையீடு செய்யலாம், புதிதாகவும் விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் நாளில்லை. விமானம் 28-ந் தேதி. தெருமுனை ஏஜெண்டு ஒருவர், பணம் கொடுத்தால் இரண்டே நாளில் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பையன் அவரை வாசலோடு அனுப்பியது நல்ல காரியம். விசாவை ஏஜெண்டு கொடுப்பதில்லை, தூதரகம்தான் கொடுக்கிறது. போலிக் காகிதம் ஒன்று உள்ளே போய்விட்டால் அப்புறம் எத்தனை வருடம் கதவு மூடியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

சென்னையில் கொடுத்த பெண்ணின் பாஸ்போர்ட் 21-ந் தேதிதான் விசாவோடு வந்தது. அதுவரை மற்ற மூவருக்கும் தூக்கமில்லை.

ரயில்வே மூளைக்குப் பட்டவை

பயண ஏற்பாட்டில் சில விஷயங்கள் எங்கள் இலாகாக்காரருக்குச் சட்டென்று பிடிபடும்.

மும்பையிலிருந்து பார்சிலோனாவுக்கு அவர்கள் வழியில் விமானம் மாறித்தான் போனார்கள். இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால், முதலாவது தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் மாற்று ஏற்பாடு விமானக் கம்பெனியின் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறதென்று தனித்தனியாக எடுத்தால் பழி நம் தலையில். 2019 ஏப்ரல் முதல் நம் ரயில்களிலும் இணைப்பு வண்டிகளின் பி.என்.ஆரை இணைத்துக்கொள்ளும் வசதி உண்டே, அதே தத்துவம்தான்.

மாநாடு நாட்களில் பார்சிலோனா ஓட்டல் வாடகை தீபாவளி நேரத்து ஆம்னி பஸ் மாதிரி ஏறும். அண்ணாச்சி நகரத்துக்குள் தேடவேயில்லை. கடற்கரையோரமாகத் தெற்கே காஸ்டெல்டெஃபெல்ஸ் என்ற சிற்றூரில் இரண்டு அறை பிடித்தார். அங்கிருந்து புறநகர் ரயில் உண்டு. 'ரோடாலீஸ்' என்று பெயர். கல்யாணில் தங்கிக்கொண்டு வி.டி.க்கு வந்து போகிறவர்களுக்கு இதில் என்ன அதிசயம்? மாநாடு நடக்கும் 'ஃபீரா கிரான் வியா' வளாகத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே மெட்ரோவும் ஓடுகிறது. 2016 பிப்ரவரியில் திறந்த பாதை அது. திறந்த அந்த மாதமே, மாநாட்டு வாரத்தில், மெட்ரோ ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள்! லட்சம் பேர் கூடும் வாரத்தில் கோரிக்கை வைத்தால்தான் காதில் விழும் என்பது எல்லா ஊர்த் தொழிலாளிக்கும் தெரிந்திருக்கிறது. ஆகவே ரயிலில்லாவிட்டால் எப்படிப் போவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டார்கள்.

ரத்து செய்தால் பணம் திரும்பும்படியான அறையையே பிடித்தார்கள். 2020-ல் கொரோனா காரணமாக, பன்னிரண்டே நாள் இருக்கும்போது, பிப்ரவரி 12-ல் மாநாட்டையே ரத்து செய்தார்கள் என்பது இந்தத் தொழிலில் யாருக்கும் மறக்கவில்லை.

பெட்டி கட்டும்போது ஒரு விஷயம். பால் பொருள்களையும் இறைச்சியையும் பயணிகள் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. அம்பாசமுத்திரத்துத் தாயார் ஆசையாகக் கட்டிக் கொடுத்த பால்கோவா செம்பூரிலேயே தங்கிவிட்டது. நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் போயின.

அங்கே நான்கு பேர், இங்கே ஐந்து பேர்

நாகர்கோவில்–மும்பை ரயிலில் வந்து இறங்கிய அந்தப் பெண்ணும் அண்ணாச்சியும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. "திரையில ரொம்ப உசரமாத் தெரிஞ்சீங்க" என்றாராம் அவர்.

வளாகத்தில் எட்டு அரங்குகள். கண்டபடி சுற்றினால் கால்தான் வலிக்கும். நான்கு பேரும் ஒன்றாகவே அலைவது முதல் நாள் காலையோடு நின்றது. பாட்டரிக்காரர்கள் பக்கம் கோவைக்காரர், கோபுரக் கம்பெனிகள் பக்கம் அண்ணாச்சியும் அந்தப் பெண்ணும், மென்பொருள் பக்கம் பெங்களூர்க்காரர் என்று பிரிந்தார்கள். யார் யாரைப் பார்ப்பது என்று ஜனவரியிலேயே கடிதம் போட்டு நேரம் வாங்கியிருந்தார்கள். ஸ்டால் எடுக்கப் பணமில்லை. ஒரு கையடக்கக் கம்ப்யூட்டரும் சிறு பெட்டியும்தான் அவர்கள் கடை.

ஊரிலிருந்த ஐவருக்கும் டியூட்டி லிங்க் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இரவு எச்சரிக்கை புனேக்காரருக்கும் ஒடியாக்காரருக்கும். வாடிக்கையாளர் போன் முலுண்டுக்கு. இரண்டாவது பெங்களூர்க்காரர் லீவ் ரிசர்வ். தாராவிப் பையனுக்கு ஒரு வேலைதான்: அங்கே செய்து காட்டும்போதெல்லாம் இங்கே கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பது. நேர வித்தியாசம் நாலரை மணி. அவர்களுக்குக் காலை ஒன்பது நமக்குப் பகல் ஒன்றரை.

மூன்றாம் நாள், மார்ச் 5. ஆப்பிரிக்காவில் கோபுரங்கள் நடத்தும் ஒரு கம்பெனியின் அதிகாரி மாலை நாலு மணிக்குக் கால்மணி நேரம் கொடுத்திருந்தார். தாராவியில் அப்போது இரவு எட்டரை. பையன் முந்தைய இரவே ஒரு முன்ஜாக்கிரதை செய்திருந்தான். அத்தனை ஆயிரம் பேர் ஒரே இடத்தில் போனை வைத்துக்கொண்டிருந்தால் இணைப்பு திணறும் என்று கணக்குப் போட்டு, செய்து காட்ட வேண்டிய எல்லாவற்றையும் படமெடுத்து அண்ணாச்சியின் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைக்கச் சொன்னான். அவன் நினைத்தபடியே ஆயிற்று. செல்போன் மாநாட்டில் செல்போன் இணைப்பு நின்றது. திரை சுற்றிக்கொண்டே இருந்தது. படத்தைப் போட்டார்கள்.

படத்தில் ஒரு டீசல் கோடு இறங்குவதைப் பார்த்து அந்த அதிகாரி, "இது ஜெனரேட்டர் குடித்ததா, திருடன் எடுத்ததா, எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அண்ணாச்சி பக்கத்தில் பார்த்தார். அந்தப் பெண் தட்டித் தடவித்தான் பேசினார், ஆனால் விரலை வைத்துக் காட்டினார். ஜெனரேட்டர் ஓடும்போது கோடு சாய்வாக இறங்கும். வண்டி அதிர்வில் டீசல் அலம்பினால் கோடு மேலும் கீழும் நடுங்கும். ஆள் குழாய் போட்டு உறிஞ்சினால், ஜெனரேட்டர் நின்றிருக்கும் நேரத்தில் செங்குத்தாக விழுந்து, அப்புறம் நேர்கோடாக நிற்கும். "ராத்திரி ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணிக்குள்ள" என்றும் சேர்த்துக்கொண்டார். அதிகாரி சிரித்தாராம். அவர்கள் ஊரிலும் அதே நேரம்தானாம். கால்மணி நேரம் முக்கால் மணியானது.

நாற்பது கோபுரங்களில் சோதனைக்குப் போட்டுப் பார்ப்போம் என்று ஏப்ரலில் கடிதம் வந்தது. முழு ஒப்பந்தம் அல்ல. ஆனால் மூன்று பேரை அனுப்பும் பேச்சு அத்தோடு நின்றது.

தில்லிக்கு ஒன்பது பேர்

போகாதவர்களுக்கு அண்ணாச்சி வைத்திருந்த வழி தில்லி. அங்கே 2017 முதல் 'இந்தியா மொபைல் காங்கிரஸ்' என்று ஒரு கூட்டம் நடக்கிறது. 2025-ல் அக்டோபர் 8 முதல் 11 வரை, துவாரகையில் யஷோபூமி வளாகத்தில் நடந்தது. பார்சிலோனா போகாத நால்வரை அனுப்புவதாகத்தான் முதலில் பேச்சு. பிறகு, ஒன்பது பேருமே போய்விடுவோம், பார்த்துக்கொள்ளாமலே எத்தனை வருடம் வேலை செய்வது என்று தீர்மானமாயிற்று. எல்லோரும் முதலில் செம்பூரில் கூடி, அங்கிருந்து ராஜதானியில் கிளம்புவது என்று ஏற்பாடு.

தாராவிப் பையன் இதற்கிடையில் மூன்று வருடத்து வருமான வரித் தாள்களை ஒழுங்கு செய்துகொண்டான். அடுத்த விசா விண்ணப்பத்தை ஜனவரி வரை இழுக்காமல் முன்னதாகவே போடுவது என்று முடிவு. சட்டப்படி மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகத் திரும்பிய இந்தியர்களுக்கு இரண்டு வருட விசா கொடுக்கும் ஏற்பாடு 2024 ஏப்ரலில் வந்திருக்கிறது. அவனுக்கு முதலில் ஒன்று கிடைக்க வேண்டும்.

டிக்கெட் எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பர் முதல் குறைந்துவிட்டதால், அக்டோபர் 6-ந் தேதிப் பயணத்துக்கு ஆகஸ்ட் 7 காலையில்தான் கவுண்டர் திறக்கும். அண்ணாச்சி எனக்கும் முன்னால் வந்து வரிசையில் நின்றார். ஒரு படிவத்தில் ஆறு பேருக்கு மேல் எழுத முடியாது. ஆறு ஒரு பெட்டியிலும் மூன்று வேறு பெட்டியிலும் விழுந்தன. அந்த மூன்றில் யார் யார் என்று ஒன்பது பேரும் திரையில் கூடிச் சீட்டுக் குலுக்கினார்கள். அண்ணாச்சி, ஒடியாக்காரர், தாராவிப் பையன். வண்டி போரிவிலியைத் தாண்டும்போதே மூவரும் அங்கிருந்து எழுந்து இந்தப் பெட்டிக்கு வந்துவிட்டார்களாம். சாப்பாட்டுத் தட்டு கொண்டுவந்த பையன் ஒன்பது தட்டையும் ஒரே இடத்தில் கொடுத்துவிட்டுப் போனான்.